சுவருக்கு நிறம் பூசப் பயம் ஏன்?

(தோட்டத்து மாதர் சங்க மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரிப் பகுதி சார்பில் ஆற்றிய உரை. கூடியவரை பேசியபடியே தரப்படுகிறது.)



வழக்கமாக நாங்கள் இந்த மேடையில் ஏறினால் தண்ணீர்த் தாங்கி, பிள்ளைக்காம்பரா, சேமலாப நிதிப் படிவம் என்றுதான் பேச்சு இருக்கும். இன்றைக்கு பெயின்ட் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தது எங்களுக்கும் கேட்டது. சிரிக்கலாம், குற்றமில்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் பொறுமையாகக் கொஞ்ச நேரம் கேளுங்கள். நாங்கள் ஒரு தப்பையும் இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்மையில் நம்ம தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கலியாணத்துக்காக நாங்கள் நாலு பேர் பூநகரிக்குப் போய் வந்தோம். கண்டி, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று ஒரு பகல் முழுக்கப் பயணம். பரந்தனில் பெரிய ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் பூநகரி. நம்ம ஆட்களுக்கு அந்த ஊரைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். ஏனென்றால் சாய்ந்து நிற்க ஒரு மலை இல்லை. பனை, வயல், அதற்கப்பால் கடல்நீரேரி. காற்று வாயில் பட்டால் உப்புக் கரிக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த பழைய கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பு நெல்லுக்கும் பேர் போன ஊர். முன்பெல்லாம் யாழ்ப்பாணப் பக்கம் போக கேரதீவுக்குப் பாதையில்தான் கடக்க வேண்டும் என்றார்கள். 2011 தை மாதம் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகுதான் பஸ் நேராக ஓடுகிறது.

உங்களில் பலருக்கு வன்னியில் சொந்தம் இருக்கும். 1977இலும் 1983இலும் கலவரம் வந்தபோது, அடி வாங்கி, சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. கலியாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவும் அப்படிப் போனவர்தான். ஒன்பது வயதில், எழுபத்தேழில், தகப்பனின் தோளில் ஒரு மூட்டையும் தன் கையில் ஒரு கோழியுமாகப் போனாராம். இப்போது பேசுவது அந்த ஊர்ப் பேச்சு. ஆனால் "கொழுந்து" என்ற சொல்லை மட்டும் இன்னும் நம்மைப் போலவே சொல்கிறார்.

அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

ரோட்டில் வரும்போதே தெரிந்தது. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். சிலது சீமெந்து பூசியபடியே சாம்பல் நிறத்தில் நிற்கிறது, சிலது வெள்ளை, சிலது வெளிறிய கிறீம். அவற்றுக்கு நடுவில் ஒரு வீடு நல்ல மஞ்சள். வெளிறிய மஞ்சள் இல்லை. அம்மியில் அரைத்த பச்சை மஞ்சளை அப்படியே வழித்துப் பூசின மாதிரி. கதவும் ஜன்னலும் கடும் பச்சை. வாசல் திண்ணை சிவப்பு சீமெந்து, தேங்காய் மட்டை போட்டுத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல. எங்களோடு வந்த மாதர் சங்கத் தலைவி, "ஐயோ, இது என்ன கோயிலா வீடா?" என்று கேட்டார். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "வீடுதான் பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

உள்ளே போனோம். முன் அறையில் மூன்று சுவர் வெள்ளை. ஒரு சுவர் மட்டும் நீலம், மாலை நேரத்து நீரேரி நிறம். அந்தச் சுவரில் ஒரே ஒரு படம் தொங்கியது, அவருடைய புருஷனின் படம். 2009இல் இழந்தவர். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

அவர் சொன்னதை எங்களால் இயன்றவரை அப்படியே சொல்கிறோம்: "தம்பி, முதல்ல தறப்பாள் கொட்டில். அது வெள்ளை. பிறகு முகாமில கூடாரம். அதுவும் வெள்ளை. ஊருக்குத் திரும்பி வந்தா, புருஷன் இல்லாதவள் எண்டு உடுக்கிற சீலையும் வெளிறல். வீடு கட்டி முடிஞ்ச உடன பெயின்ற் அடிக்க வந்த பாஸ், அக்கா உங்களுக்கு வெள்ளைதான் வடிவு எண்டான். எனக்கு அழுகை வந்திட்டுது. வெள்ளையோட இருந்தது போதும் எண்டு அவனை அனுப்பிட்டன்."

அந்த வீடு இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. வடக்கு கிழக்கில் அந்தத் திட்டம் 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கியது. காசை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் கட்டம் கட்டமாகப் போடுவார்கள், வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். ஒரு புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று போனால் கடைசியில் பெயின்டுக்கு எதுவும் மிஞ்சாது. அக்காவின் வீடும் நாலு வருஷம் சாம்பல் சுவராகத்தான் நின்றதாம். கோழி விற்று, பனையோலைப் பெட்டி பின்னி விற்று, மெதுவாகச் சேர்த்த காசில் வாங்கினார். காசு சேர்க்க எடுத்ததைவிட மனம் துணிய எடுத்த காலம்தான் கூட என்றார். சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, "புருஷன் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பகட்டு எதுக்கு?" என்று வாசலில் நின்றே கேட்டாராம். அதற்குப் பிறகு ஆறு மாதம் பெயின்ட் வாளி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்கிறோம்.

பல வருஷத்துக்கு முன், நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் (பேர் வேண்டாம்) ஒரு லயத்தில் நடுக் காம்பராக்காரர் தீபாவளி அட்வான்ஸில் ஒரு வாளி வாங்கி, தங்கள் இஸ்தோப்புச் சுவருக்கு மயில் நீலம் அடித்தார்கள். இருபது காம்பராவும் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் ஒரு சாண் கறுப்புத் தார். நடுவில் இது மட்டும் மயில் மாதிரி நின்றது. இரண்டு நாளில் ஒப்பீசில் இருந்து சொல் வந்தது: வரிசை கெட்டுப்போகிறது, பழையபடி வெள்ளையடிக்கச் சொல்லுங்கள் என்று. அதைப் போய் அந்தக் குடும்பத்திடம் சொன்னது யார்? நாங்கள்தான். நலன்புரிப் பகுதிதான். "நாளைக்கு எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வியும் கேட்டோம். அந்தக் குடும்பத்துத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இருட்டும் வரைக்கும் அவரே சுண்ணாம்பு அடித்தார். ஒரு பூச்சில் நீலம் மறையவில்லை. மூன்று பூச்சு அடிக்க வேண்டி வந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வெள்ளைக்கு அடியில் அந்த நீலம் மங்கலாகத் தெரியும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம்.

எல்லோரும் அப்படி ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூநகரியில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு நாங்களே அந்தக் கேள்வியைக் கேட்டோம். இருபது காம்பரா இருபது நிறமாக இருந்திருக்கும். தேயிலை ஒரு இலைகூடக் குறைந்திருக்காது.

நம்ம ஜனங்களுக்கு நிறம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. திருவிழாவுக்கு முன் மாரியம்மன் கோயிலுக்கு நிறம் தீட்டுவதைப் பாருங்கள். அம்மனுக்குப் பச்சை, சிங்கத்துக்கு மஞ்சள், தூணுக்கு ரோஸ், மதிலுக்கு வெள்ளையும் காவியும். ஒருத்தரும் கூச்சப்படுவதில்லை. கலியாணத்துக்கு எடுக்கிற சீலையில் இல்லாத நிறம் உண்டா? பொங்கலுக்குக் கோலப்பொடி வாங்கும்போது எத்தனை பாக்கெட் வாங்குகிறோம்? சாமிக்கும் உடம்புக்கும் தரைக்கும் துணிகிற நாம், நாம் படுத்து எழும்புகிற சுவருக்கு மட்டும் துணிவதில்லை. எங்கள் அபிப்பிராயம் என்னவென்றால், அந்தச் சுவர் நம்முடையது என்ற நினைப்பு நமக்கு வரவேயில்லை. தோட்டம் கட்டியது, தோட்டம் வெள்ளையடித்தது, தோட்டம் நம்பர் போட்டது. நூறு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் சொந்த வீட்டின் சாவியைக் கையில் தந்தாலும் கை கிறீம் நிற வாளிக்குத்தான் போகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள கதை என்று நினைக்க வேண்டாம். தென்னாபிரிக்காவில் கேப்டவுன் நகரத்தில் போ-காப் என்று ஒரு பகுதி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுபோன மக்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். வீடுகள் வாடகைக்கு விடப்பட்டிருந்த காலத்தில் எல்லாச் சுவரும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதி இருந்ததாம். அந்த விதி போய், வீடு தங்கள் கைக்கு வந்ததும் மக்கள் பச்சை, ஊதா, செம்மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம் பூசிவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தெருவைப் பார்க்கவே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

இன்னொன்று அல்பேனியா நாட்டுத் தலைநகரம் திரானா. அங்கே 2000ஆம் ஆண்டு எடி ராமா என்பவர் நகர மேயராக வந்தார். அவர் அதற்கு முன் சித்திரக்காரர். நகரம் முழுக்க சாம்பல் நிற மாடிக் கட்டடங்கள், நகரசபையிடமோ காசில்லை. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஒரு பழைய கட்டடத்துக்குக் கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள் நிறம் அடித்தது. பார்க்கக் கூடிய சனத்தால் ரோட்டில் வாகனம் போக முடியவில்லையாம். பிறகு மக்களிடம் கருத்துக் கேட்டபோது 63 சதவீதம் பேர் பிடித்திருக்கிறது என்றார்கள், 37 சதவீதம் பேர் பிடிக்கவில்லை என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், பிடிக்கவில்லை என்றவர்களிலும் பாதிப்பேர் வேலையை நிறுத்த வேண்டாம், தொடருங்கள் என்றார்களாம். அக்காவின் அந்தச் சொந்தக்காரரும் இப்போது யாருக்காவது வழி சொன்னால், "மஞ்சள் வீட்டைத் தாண்டி ரெண்டாவது" என்றுதான் சொல்கிறாராம்!

சரி, துணிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துணிவு மட்டும் இருந்தால் காசு வீணாகும். அக்காவே ஒருமுறை ஏமாந்தவர். அவர் முதலில் வெளிச்சுவருக்கு அடித்தது மஞ்சள் அல்ல, நல்ல கத்தரிப்பூ நிறம். மேற்குச் சுவரில் வெயில் அடித்து இரண்டு வருஷத்துக்குள் அது வெளிறி, கழுவிப் போட்ட பழஞ்சீலை மாதிரி ஆகிவிட்டது. அடிப்பக்கத்தில் உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் போலக் கழன்று விழுந்தது. ஊர் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிறத்துக்குக் கிடைத்ததல்ல, வேலைக்குக் கிடைத்தது என்று அவர் விளங்கிக்கொண்டார். எங்களுக்கு அவரிடம் பிடித்ததே இந்த இடம்தான். வேறொருவராக இருந்தால் திரும்ப வெள்ளைக்கே போயிருப்பார்.

காரணம் இதுதான். எல்லா நிறப்பொடியும் வெயிலைத் தாங்காது. காவி, செங்கல் சிவப்பு, மண் மஞ்சள், கறுப்பு இவையெல்லாம் இரும்புத் துருவோடு சேர்ந்த நிறங்கள், மண்ணிலிருந்தே வருவதால் வெயிலுக்கு அசையாது. பளீரென்ற ஊதா, ரோஸ், சில சிவப்பு நிறங்கள் வெளிச்சுவரில் சீக்கிரம் வெளிறும். அப்படிப்பட்ட நிறம் ஆசையாக இருந்தால் உள்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடும் நிறம் அடித்தால் சுவர் சூட்டை இழுக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பூநகரி வெயிலுக்கு மேற்குச் சுவரில் கடும் நிறம் அடித்தால் இரவு வரைக்கும் அறை அனலாக இருக்கும். மார்கழிக் குளிரில் நடுங்குகிற நமக்கு அது அவ்வளவு பிரச்சினை இல்லை.

நம்முடைய எதிரி வெயில் அல்ல, ஈரம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழைய லயச் சுவர்கள் கல்லும் சுண்ணாம்பும். அவை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்ரிக் மாதிரி மூடுகிற பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு, கொப்புளம் போட்டுக் கழன்றுவிடும். அப்படியான சுவருக்கு சுண்ணாம்புதான் நல்லது. சுண்ணாம்பு என்றால் வெள்ளை என்று யார் சொன்னது? சீமெந்துத் தரைக்குப் போட விற்கிறார்களே சிவப்பு, மஞ்சள் ஒக்சைட் தூள், அதைச் சுண்ணாம்பில் கரைக்கலாம். நீறிய சுண்ணாம்பு பத்துப் பங்கென்றால் தூள் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கூடினால் கையில் ஒட்டிக்கொண்டு வரும், பிள்ளைகளின் சட்டையெல்லாம் சிவக்கும். தூளை முதலில் தண்ணீரில் தனியாகக் குழைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். நம்ம பாட்டிமார் வெள்ளைக்குக் கொஞ்சம் துணி நீலம் போடுவார்கள் அல்லவா? அந்த நீலமும் சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது, கூட்டிப் போட்டால் வானநீலம் கிடைக்கும். ஈரமாக இருக்கும்போது நிறம் பயங்கரக் கடுமையாகத் தெரியும், காய்ந்ததும் பாதிதான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து இடையில் சுண்ணாம்பை ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள். கண்ணில் சுண்ணாம்பு தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

புதுச் சீமெந்துச் சுவர் என்றால் கதை வேறு. பூச்சு வேலை முடிந்து குறைந்தது ஒரு மாதமாவது காய விட வேண்டும். புது வீடு கிடைத்த அவசரத்தில் பால் காய்ச்சும் நாளுக்குள் அடித்து முடிக்கப் பார்க்கிறோம், அடுத்த மழைக்கே கழன்று வருகிறது. கறுப்புப் பூஞ்சணம் பிடித்த சுவரை அப்படியே மூடி அடிக்கக் கூடாது. குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, காய வைத்த பிறகுதான் வேலை. குளோரினோடு வேறு எந்தக் கழுவும் மருந்தும் கலக்க வேண்டாம், நச்சுப் புகை வரும்.

நிறத்தைத் தெரிவு செய்வது பற்றி. கடையில் தருகிற அட்டையில் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம் இருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் பத்துக்கு ஒன்பது பேர் ஏமாறுவார்கள், ஏனென்றால் சுவர் முழுக்க வரும்போது அதே நிறம் இரண்டு மடங்கு கடுமையாகத் தெரியும். அக்கா செய்தது என்ன தெரியுமா? குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழச் சதுரம் மட்டும் அடித்து வைத்து, இரண்டு கிழமை அதோடு வாழ்ந்து பார்த்தார். காலையில் பார்த்தார், உச்சி வெயிலில் பார்த்தார், இரவு லைற்றில் பார்த்தார். அழுத ஒரு நாளும் பார்த்தேன் என்றார். அன்றைக்கும் அந்த மஞ்சள் அவருக்குப் பிடித்திருந்ததாம். அதற்குப் பிறகுதான் பெரிய வாளி வாங்கினார்.

லயக் காம்பராவில் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். அதனால் நாலு சுவருக்கும் கடும் நிறம் வேண்டாம் என்பது எங்கள் யோசனை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கைத் திருப்பித் தரும், கடும் நீலம் பத்தில் ஒரு பங்கு தருவதே பெரிது. பிள்ளை படிக்கிற அறை இருண்டுபோகும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை வெள்ளையாக விட்டு, வேறு ஒரு சுவருக்கு மட்டும் உங்கள் மனதுக்குப் பிடித்த நிறத்தைத் தாராளமாக அடியுங்கள். கணக்கும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டடி உயரமான பெரிய சுவர் 96 சதுர அடி, அதாவது சுமார் ஒன்பது சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீற்றர் அளவு போகும். ஆகவே இரண்டு பூச்சுக்கு இரண்டு லீற்றர் போதும். நாலு சுவரும் அடிக்கப் போனால் ஆறு லீற்றருக்கு மேல் தேவை. துணிச்சலான ஒரு சுவர், பயந்து பயந்து அடிக்கிற நாலு சுவரைவிட மலிவு!

ஒரு எச்சரிக்கை. பழைய பளபளப்பு எனாமல் பெயின்ட்களில், அதிலும் நல்ல மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களில், ஈயம் சேர்த்திருப்பார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு 2013 தை முதல் சட்டப்படி கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், தொட்டில், கட்டில் எதையும் உலர்ந்தபடி சுரண்டி, சாண்ட் பேப்பர் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் நனைத்துத் தேய்த்து, கழிவைக் கடதாசியில் பொதிந்து அப்புறப்படுத்துங்கள். அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் வெளியே அனுப்பிவிடுங்கள். பெயர் இல்லாத வாளியை மலிவு என்று சந்தையில் வாங்காதீர்கள். லேபலில் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ராசிக்கு எந்த நிறம் என்று கேட்டு எங்களிடம் வருகிறார்கள். அது எங்கள் பகுதிக்கு உட்பட்டதல்ல! ஐயரிடம் கேளுங்கள். ஆனால் ஐயர் வீட்டுச் சுவரும் கிறீம் நிறம்தான் என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறோம் என்றால், தனி வீடுகள் நமக்கும் வரத் தொடங்கிவிட்டன. இந்திய உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் என்ற திட்டம் 2016இல் ஆரம்பமானது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வேகம் போதாது, கிடைத்தவர் கொஞ்சம், காத்திருப்பவர் நிறைய என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தச் சண்டை தனி. கிடைத்த வீடுகளையாவது போய்ப் பாருங்கள். லயம் உடைந்து தனி வீடானது, நிறம் மட்டும் இன்னும் லயமாகவே நிற்கிறது.

போன மாதம் நாங்கள் அந்தப் பழைய தோட்டத்துக்குப் போனோம். அந்தத் தாய் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மகனுக்குப் புது வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. வாசலில் வைத்தே சொன்னோம், "அன்றைக்கு நாங்கள் சொன்னது பிழை அம்மா" என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எதைச் சொல்றீங்க ஐயா?" என்று கேட்டார். நீலத்தை, என்றோம். "அது இன்னும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுப் போனார். எல்லாச் சுவரும் கிறீம். "மருமகப் பிள்ளைக்கு இதுதான் பிடிக்குது" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஆனால் வெளிக்கிடும்போது பார்த்தோம், பின்பக்கத்தில் கோழிக்கூட்டுக் கதவு மயில் நீலம்.

தீபாவளிக்கு முன் அடிக்க விரும்புகிறவர்கள் மழை பிடிக்க முன் தொடங்கிவிடுங்கள். ஏணி ஒன்று, பெரிய பிரஸ் மூன்று, ரோலர் ஒன்று நலன்புரி அறையில் இருக்கிறது. ஒப்பம் வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். மஞ்சள், செங்கல் சிவப்பு, நீலம், பச்சை நாலு நிறத்திலும் மாதிரி அடித்துப் பார்க்கச் சின்ன டின் வாங்கி வைத்திருக்கிறோம், அதற்குக் காசு வேண்டாம். லயத்தின் வெளிச்சுவர் என்றால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், இந்த முறை ஒப்பீசில் போய்ப் பேசுவது எங்கள் வேலை. பிரஸைக் கழுவிக் காய வைத்துத் திருப்பித் தாருங்கள். போன வருஷம் கொண்டுபோன ஒன்று இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.